கறுப்புச் சட்டை, கத்தல் பாட்டு: பிள்ளை கெட்டுப்போய்விட்டானா?

ரெங்கம்: ரயில் நிலையத்திற்குப் பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மா என்னிடம் பேச்சுக் கொடுத்தார். வேறொரு செய்திக்காக ரெங்கத்திற்குப் போயிருந்தேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"தம்பி, பேப்பர்லதானே வேலை செய்யுறீங்க? ஒண்ணு கேக்கணும். எம்மவன் படிவம் நாலு படிக்கிறான். மூணு மாசமா மண்டையோடு போட்ட கறுப்புச் சட்டைதான். ரூம் கதவைச் சாத்திக்கிட்டு என்னமோ பாட்டுக் கேக்குறான். பாடுறது மனுசனா, மாடு கத்துதான்னே தெரியல. இந்தப் பாட்டு பிள்ளைங்களைக் கெடுத்துருமா?"

அவருக்கு ஏற்கனவே இரண்டு யோசனைகள் கிடைத்திருந்தன. பக்கத்து வீட்டு அக்கா, கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரிக்கச் சொன்னாராம். கொழுந்தனார், கைப்பேசியைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாராம். சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவர் வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறார். அவரிடம் இதைச் சொன்னால் அடிதான் விழும் என்று சொல்லாமலே இருக்கிறார்.

அன்று என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்று எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டத்திலும் தாமானிலும் இதே கேள்வியோடு இன்னும் பல பெற்றோர் இருப்பார்கள்.

ஆலையில் பிறந்த இசை

ஹெவி மெட்டல் என்றதும் பணக்கார வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கூத்து என்று நினைப்பவர்கள் உண்டு. அது பிறந்த இடமோ இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு. 1968இல் அங்கே நான்கு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய பிளாக் சபாத் குழுவைத்தான் இந்த இசையின் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள். அதன் கித்தார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் தகட்டு ஆலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். விரல் வலிக்காமல் இருக்கத் தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். தளர்ந்த தந்தியிலிருந்து வந்த கனத்த, இருண்ட ஓசை இந்த இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இயந்திரத்தில் விரல் போன கதை நம் தோட்டத்து ஆலைகளுக்கும் புதிதல்ல.

பிறகு இது பல கிளைகளாகப் பிரிந்தது. திராஷ், டெத், பிளாக் மெட்டல் என்று பெயர்கள் நீளும். கித்தார் ஓசையைக் கரகரப்பாக்கிப் பெருக்குவதும், இரண்டு கால்களாலும் டிரம்ஸை இடைவிடாமல் முழக்குவதும், தொண்டையின் அடியிலிருந்து உறுமிப் பாடுவதும் பொதுவான கூறுகள். பாடுபொருள் போர், சாவு, தனிமை, மனநோய், அநியாயம், சில நேரம் சாத்தான். கேட்கும் பெற்றோருக்கு வயிற்றில் புளி கரைப்பதில் வியப்பில்லை.

நம் நாட்டில் நடந்தவை

இந்தப் பயம் மலேசியாவுக்குப் புதியதல்ல. 1980களின் இறுதியில் மலாய் இளைஞர்களிடையே 'ரோக் கபாக்' அலை வீசியது. கபாக் என்றால் கோடரி. அந்த அலையின் முன்னணிக் குழுவான 'சர்ச்', 1981இல் நம் ஜொகூர் பாருவில் உருவானது. 1989இல் வந்த அவர்களின் 'இசபெல்லா' பாட்டைத் தோட்டத்துக் கல்யாண வீடுகளில் நம் பையன்களும் பாடியிருக்கிறார்கள். 1992இல் நீளமுடி வைத்த ரோக் கலைஞர்கள் ஆர்.டி.எம்.மில் தோன்றக் கூடாது என்று தடை வந்தது. அன்றைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட்டே கத்தரிக்கோல் எடுத்துப் பாடகர்களின் முடியை வெட்டிய காட்சி இன்றும் பேசப்படுகிறது. முடியை வெட்டினால் ஒழுக்கம் வந்துவிடும் என்று நம்பிய காலம் அது.

2001இல் கெடாவில் தொடங்கிய 'பிளாக் மெட்டல்' பரபரப்பு அதைவிடத் தீவிரமானது. மாணவர்கள் சாத்தானை வழிபடுகிறார்கள் என்று செய்திகள் வந்தன. பள்ளிகளில் பிள்ளைகள் சோதிக்கப்பட்டார்கள். கறுப்புச் சட்டை போட்டாலே சந்தேகம் என்ற நிலை வந்தது. 2005ஆம் ஆண்டின் கடைசி இரவில், கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலையில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியைப் போலீசார் சுற்றி வளைத்து, சுமார் 380 பேரைப் பிடித்துச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். அதுவும் பிளாக் மெட்டல் கூட்டம் என்றே பத்திரிகைகளில் பேசப்பட்டது. உண்மையில் அங்கே வாசிக்கப்பட்டது ஹார்ட்கோர், பங்க் வகை இசை. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் குற்றச்சாட்டு ஏதுமின்றி வீடு திரும்பினர். பெற்றோர் சிலர் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தனர்.

2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி மெட்டாலிகா குழு மெர்டேக்கா அரங்கில் பாடிவிட்டுப் போனது. அடுத்த மாதமே வர வேண்டிய லேம்ப் ஆஃப் காட் குழுவின் நிகழ்ச்சிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஒன்றைக் கேட்டால் கெடாத பிள்ளை இன்னொன்றைக் கேட்டால் கெடுவான் என்று எப்படி முடிவு செய்தார்களோ!

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாட்டில் ஒளித்து வைக்கப்பட்ட கட்டளைதான் இரண்டு இளைஞர்களை உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டியது என்று குடும்பத்தார் தொடுத்த வழக்கு, 1990இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகர நீதிமன்றத்தில் நடந்தது. ரகசியச் செய்தி வைப்பதாக இருந்தால் எங்கள் இசைத்தட்டுகளை இன்னும் நிறைய வாங்கச் சொல்லியிருக்க மாட்டோமா என்று குழுவின் நிர்வாகி கேட்டார். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்த இளைஞர்களின் வாழ்வில் வீட்டு வன்முறையும் போதையும் எவ்வளவு காலமாக இருந்தன என்பது விசாரணையில்தான் வெளியே வந்தது. பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பிறகுதான் பிள்ளைகள் வளர்ந்த வீட்டையே பார்த்தார்கள்.

கோபம் வந்ததால் பாட்டா, பாட்டால் கோபமா?

இந்தக் கேள்வியைத்தான் ஆய்வாளர்கள் பல வழிகளில் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட், மெட்டல் கேட்கும் பதின்ம வயதினரோடு உட்கார்ந்து பேசி 1996இல் ஒரு நூல் எழுதினார். எப்போது இந்தப் பாட்டைக் கேட்பாய் என்று கேட்டதற்குப் பலர் சொன்ன பதில், 'கோபமாக இருக்கும்போது'. கேட்ட பிறகு எப்படி இருக்கும் என்றதற்கு வந்த பதில், 'அமைதியாகிவிடும்'. ஆனால் இதே ஆர்னெட், 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மெட்டல் ரசிகர்களான பையன்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஆபத்தான காரியங்களில் இறங்குவதாகவும் கண்டிருந்தார். காரைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, போதைப்பொருள் போன்றவை. இரண்டும் முரண் அல்ல. பரபரப்பைத் தேடும் குணம் உள்ள பையன் வேகமான காரையும் தேடுவான், வேகமான பாட்டையும் தேடுவான். பாட்டை நிறுத்தினால் அந்தக் குணம் போய்விடாது.

2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லியா ஷார்மன், ஜெனிவீவ் டிங்கிள் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். இவ்வகை இசையை வழக்கமாகக் கேட்கும் 39 பேரை அழைத்து, வாழ்க்கையில் ஆத்திரமூட்டிய நிகழ்ச்சிகளைப் பற்றி 16 நிமிடம் பேசச் செய்தார்கள். வேலை, காசு, உறவு என்று பேசப் பேசக் கோபம் ஏறியது. பிறகு பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த பாட்டை 10 நிமிடம் கேட்டார்கள், மீதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக் கேட்டவர்களின் கோபம் மேலும் ஏறவில்லை. சும்மா இருந்தவர்களைப் போலவே அவர்களுக்கும் எரிச்சலும் பகை உணர்வும் இறங்கின. அதோடு, பாட்டுக் கேட்டவர்கள் உற்சாகமும் ஊக்கமும் பெற்றதாகச் சொன்னார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அவர்கள் 18 முதல் 34 வயது வரையிலானவர்கள், ஏற்கனவே ரசிகர்கள். இந்த இசை பிடிக்காத ஒருவரை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னால் தலைவலிதான் வரும். அந்த அம்மாவுக்கு எரிச்சலூட்டும் ஓசை மகனுக்கும் எரிச்சலூட்டும் என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது.

வன்முறை வரிகளைக் கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போகாதா என்பது அடுத்த கேள்வி. சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். டெத் மெட்டல் ரசிகர்கள் 32 பேர், ரசிகர் அல்லாதவர்கள் 48 பேர். ஒரு கண்ணுக்கு வன்முறைப் படத்தையும் மறு கண்ணுக்குச் சாதாரணப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டும்போது, ஆபத்தைக் காட்டும் படத்தையே மூளை முதலில் கவனிக்கும். மரத்துப்போன மனம் என்றால் அந்தக் கவனம் குறைந்திருக்க வேண்டும். ரசிகர்களுக்கு அது குறையவில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2003இல் அமெரிக்காவில் கிரேக் ஆண்டர்சன் குழுவினர் 500க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஐந்து சோதனைகளில், வன்முறை வரிகள் கொண்ட பாட்டைக் கேட்டவுடன் பகை உணர்வும் வன்மமான எண்ணங்களும் கூடின. வேடிக்கையான பாட்டாக இருந்தாலும் வரிகள் வன்முறையாக இருந்தால் அதே விளைவுதான். அதாவது கவனிக்க வேண்டியது கித்தார் ஓசையை அல்ல, வார்த்தையை. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அரிவாளைத் தூக்கி ஆடும் நம் சினிமாப் பாட்டுகள் எத்தனை தேறும்? அவற்றை மூன்று வயதுப் பிள்ளையை ஆடவிட்டு டிக்டாக்கில் போடுகிறோம்.

1999இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 121 உயர்நிலைப்பள்ளி மாணவர்களைப் பற்றியது. மெட்டல் பிடிக்கும் என்றவர்களில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் கூடுதலாக இருந்தது. அதே பிள்ளைகளில் பெரும்பாலோர், பாட்டுக் கேட்டால் மனநிலை நன்றாகிறது என்றும் சொன்னார்கள். காய்ச்சல் உள்ளவன் கம்பளியைத் தேடுகிறான். கம்பளியால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வெயில் நேரத்தில் ஒருவன் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தால் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

உருமியும் உறுமலும்

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று ஞாபகம் வருகிறது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் வெகுளியையும் சேர்த்திருக்கிறார். அது பிறக்கும் இடங்களாக அவர் சொல்பவை நான்கு: உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அடித்தும் வைதும் அலைக்கழித்தல், கொலை. நான்குமே ஒருவருக்கு இழைக்கப்படும் தீங்குகள். கோபம் என்றால் முதலில் யாருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள் என்பது போல இருக்கிறது அந்தக் கணக்கு.

முரட்டு ஓசை நமக்குப் பழக்கமில்லாததும் அல்ல. தைப்பூசத்தில் உருமி உறுமத் தொடங்கியதும் உடம்பு சிலிர்ப்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் மறுக்க மாட்டார்கள். அந்த உருமி மேளக் குழுக்களையே 'குண்டர் கூட்டம்' என்று நம்மில் சிலர் ஒதுக்கியதும் உண்டு. குண்டர் கும்பல் பிரச்சினை உண்மையானது. ஆனால் வாரம் மூன்று இரவு மேளப் பயிற்சிக்குப் போகும் பையனுக்குப் போக ஓர் இடமும், அதட்ட ஓர் அண்ணனும் கிடைக்கிறார்கள் என்பதும் உண்மை. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் வந்தபோதும் ரேப் பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பேசியவர்கள் இருந்தார்கள். இன்று அது மலேசியத் தமிழ் இசையின் பெருமைகளில் ஒன்று.

மெட்டலிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். பாலத்திற்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் 1992இல் தொடங்கப்பட்ட ருத்ரா குழு, டெத் மெட்டல் உறுமலோடு வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் பாடுகிறது. 'வேதிக் மெட்டல்' என்றே தங்கள் இசையை அழைத்துக்கொள்கிறார்கள். பாடகர் கதிராசன் வேதாந்தம் பயின்றவர், மன ஒருமைப் பயிற்சி கற்றுத் தருபவர். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு இந்தத் தகவலைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சட்டையை விட்டு எதைப் பார்ப்பது?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் இசைச் சிகிச்சைப் பேராசிரியராகப் பணியாற்றிய கத்ரீனா மெக்ஃபெரன், பின்லாந்து ஆய்வாளர் சுவி சாரிகாலியோவுடன் சேர்ந்து இளையோருக்காக 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை 2015இல் உருவாக்கினார். என்ன வகை இசை கேட்கிறாய் என்பது அதன் அக்கறையே அல்ல. பாட்டை எப்படிப் பயன்படுத்துகிறாய் என்பதுதான் அது அறிய விரும்புவது. பாட்டுக் கேட்டால் மனம் தேறுகிறதா, இல்லை கேட்கக் கேட்கப் பழைய காயத்தையே கிண்டிக்கொண்டு இன்னும் மோசமாகிறதா? நண்பர்களோடு சேர்க்கிறதா, ஆட்களிடமிருந்து ஒளிந்துகொள்ள உதவுகிறதா? இந்த அளவுகோலில் மெலடிப் பாட்டுக் கேட்கும் பிள்ளையும் தோற்கலாம், மெட்டல் கேட்கும் பிள்ளை தேறலாம். காதல் தோல்விப் பாட்டை இரவு முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளையைப் பற்றி எந்த அம்மாவும் என்னிடம் கவலைப்பட்டதில்லை.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். "ஏன்டா இதக் கேக்குற?" என்றால் கதவு சாத்தப்படும். "இதுல எந்தப் பாட்டு ரொம்பப் புடிக்கும்? கேட்டதும் எப்படிய்யா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவன் போட்டுக்காட்டும் பாட்டை முகம் சுளிக்காமல் முழுவதும் கேட்டுப் பாருங்கள். நான்கு நிமிடம்தான். கடினம்தான், நானும் முயன்று பார்த்தேன். ஆங்கில வரிகள் புரியாவிட்டால் அவனையே அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். தனக்குள் இருப்பதைத் தன் வார்த்தையில் சொல்லத் தெரியாத பிள்ளை, பாட்டின் வார்த்தையை விளக்கும் சாக்கில் நிறையச் சொல்லிவிடும்.

அதோடு, பாட்டுக்கு வெளியே என்ன மாறியிருக்கிறது என்று கவனியுங்கள். பதின்ம வயதினருக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அது குறைந்திருக்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா? முன்பு ஓடிப்போய் ஆடிய பந்தைத் தொடுகிறானா? பள்ளிக்கு மட்டம் போடுகிறானா? கூட்டாளிகள் வருவது நின்றுவிட்டதா? நீளக் கைச் சட்டையை வெயிலிலும் கழற்றாமல் இருக்கிறாளா? இவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பாட்டு எதுவாக இருந்தாலும் உதவி தேட வேண்டும். சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மலேசிய மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அத்தனை பேரும் மெட்டல் கேட்பவர்களாக இருக்க முடியாது.

உண்மையிலேயே கண்டிக்க வேண்டிய ஒன்று சத்தம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதுவே 90 டெசிபலாகக் கூடினால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். காதுக்குள் கருவியைச் செருகி முழுச் சத்தத்தில் கேட்டால் அந்த அளவைச் சில நாளிலேயே தாண்டிவிடலாம். மெட்டலோ பக்திப் பாடலோ, காது நரம்புக்கு வித்தியாசம் தெரியாது. போன கேட்கும் திறன் திரும்பி வராது.

இதையெல்லாம் சுருக்கி அந்த அம்மாவுக்குக் குரல் பதிவாக அனுப்பியிருந்தேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. மகனோடு உட்கார்ந்து ஒரு பாட்டை முழுவதும் கேட்டாராம். பாட்டைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லையாம். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணி வரை தூக்கம் வராமல் கிடப்பதையும், வகுப்பில் சிலர் தன்னைக் கேலி செய்வதையும் மட்டும் சொன்னானாம். "அப்பா போன பிறகு ராத்திரி வீடு ரொம்ப அமைதியா இருக்குமா, அதான் சத்தமா கேக்குறேன்" என்றானாம்.

"தூங்காதது பாட்டாலன்னு நெனச்சேன் தம்பி. நாளைக்கு ஸ்கூல்ல கவுன்சலிங் டீச்சரைப் பார்க்கப் போறேன். அப்படியே கிளினிக்லயும் ஒரு நாள் வாங்கியிருக்கேன்" என்றார். கணவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இந்த வாரம் அவர் வரும்போது சொல்வதாகவும், மகனும் கூட உட்காரச் சம்மதித்திருப்பதாகவும் சொன்னார்.

(மனத்தளவில் சோர்ந்திருப்பவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் பேச: சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929.)